ரீஃபர் கண்டெய்னரில் உணவு அனுப்புவோருக்கு

ரீஃபர் எனப்படும் குளிர்பதனக் கண்டெய்னரில் ஏற்றும் முன்பே சரக்கு தன் பயண வெப்பநிலைக்கு வந்துவிட வேண்டும். கண்டெய்னரின் முன்பக்கம் பொருத்தியிருக்கும் குளிர்பதன இயந்திரம், சுவர்கள் வழியே கசியும் வெப்பத்தையும் காய்கனிகள் சுவாசிப்பதால் உண்டாகும் வெப்பத்தையும் வெளியேற்றும் அளவுக்கே திறன் கொண்டது. மைனஸ் 10 டிகிரியில் ஏற்றிய உறைந்த மீன் வழியில் மைனஸ் 18-க்கு இறங்கிவிடும் என்று நம்பி அனுப்பினால், ஓரத்துப் பெட்டிகள் சில நாளில் இறங்கும். நடுவில் இருப்பவை இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கப்பலே போய்ச் சேர்ந்திருக்கும். வயல் சூடு ஆறாமல் ஏற்றிய பழத்தின் கதி இன்னும் மோசம். சூடான பழம் வேகமாகச் சுவாசிக்கும். அந்தச் சுவாசம் மேலும் சூட்டைக் கிளப்பும்.

முன்பதிவில் எழுத வேண்டியவை

கப்பல் நிறுவனத்துக்குக் கொடுக்கும் புக்கிங்கில் செட் பாயிண்ட் (இயந்திரத்தில் வைக்க வேண்டிய வெப்பநிலை), வென்ட் (வெளிக்காற்று வந்துபோகும் திறப்பு) அளவு, ஈரப்பதம், தரை வடிகால் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்ற நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பநிலையை எழுதும்போது 'பிளஸ்', 'மைனஸ்' குறியையும், செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்பதையும் விடவே கூடாது. மைனஸ் குறி விடுபட்ட ஒரே காரணத்தால் உறைந்த இறைச்சி பிளஸ் 18-ல் பயணம் செய்துவிடக்கூடும். புக்கிங்கில் இருக்கும் எண்ணும், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் இருக்கும் எண்ணும், இயந்திரத்தின் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உறைந்த உணவுக்கு மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே. திராட்சைக்கு மைனஸ் 0.5 முதல் 0 வரை. பச்சை வாழைக்காய்க்கு 13 முதல் 14, மாம்பழத்துக்கு வகையைப் பொறுத்து 10 முதல் 13. குளிர் அதிகமானால் நல்லதுதானே என்று வாழையை 10 டிகிரியில் அனுப்பினால் தோல் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு பழுக்கவைத்தாலும் நல்ல மஞ்சள் வராது.

வென்ட் அளவைச் சதவீதத்தில் எழுதாதீர்கள். 25 சதவீதத் திறப்பும் மணிக்கு 25 கன மீட்டரும் வேறு வேறு. திறப்பின் சதவீதம் தரும் காற்று இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றே எழுதுங்கள். சுவாசிக்கும் சரக்குக்கு வென்ட் வழியேதான் கரியமில வாயுவும், பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனும் வெளியேறும். உறைந்த சரக்குக்கு வென்ட் முழுக்க மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய்க் குளிர்ச்சுருளில் பனியாகப் படிந்து காற்றை அடைக்கும்.

ஒரே கண்டெய்னரில் பல பொருள்களைக் கலந்து அனுப்ப நினைத்தால் வெப்பநிலை ஒத்துப்போவது மட்டும் போதாது. ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் கிவியை முன்கூட்டியே கனியவைக்கும், கேரட்டைக் கசக்கவைக்கும், புரோக்கோலியை மஞ்சளாக்கும். வெங்காயம், பூண்டு வாசம் பக்கத்துப் பெட்டிக்கு ஏறும். சந்தேகம் இருந்தால் தனித்தனியாக அனுப்புவதே மேல்.

காலிக் கண்டெய்னர் வந்ததும்

பயணத்துக்கு முந்தைய இயந்திரச் சோதனையான பி.டி.ஐ. முடிந்ததற்கான ஒட்டியைப் பாருங்கள். பிறகு ஒருவர் உள்ளே நிற்க, மற்றொருவர் வெளியே இருந்து கதவைச் சாத்துங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் கதவு ரப்பரோ சுவரோ பழுது. வாசனை, தரைப் பள்ளங்களில் பழைய சரக்கின் மிச்சம், அடைபட்ட வடிகால் எதுவும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குளிரூட்டிய ஏற்றுமேடையில், கதவோடு கதவு ஒட்டி ஏற்றும் வசதி இல்லையென்றால் காலிக் கண்டெய்னரை முன்கூட்டியே குளிர்விக்க வேண்டாம். கதவைத் திறந்ததும் வெப்பமான ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த சுவரில் நீராகக் கோத்து அட்டைப்பெட்டிகள் மேல் சொட்டும். நனைந்த அட்டை வலுவிழந்து அடிப்பெட்டிகள் நசுங்கும். அதே காரணத்தால் ஏற்றும் நேரம் முழுக்க இயந்திரம் அணைந்திருக்க வேண்டும். குளிர்கிடங்கிலிருந்து பேலட்டுகளை (பெட்டிகள் அடுக்கிய தட்டுப் பலகைகளை) ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றுங்கள். எல்லாவற்றையும் வெளியே இழுத்து வரிசையில் நிறுத்தாதீர்கள்.

உள் வெப்பநிலையை அளக்க ஊசித் தெர்மாமீட்டர் போதும். அதை முதலில் பனிக்கட்டித் துண்டும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். கண்டெய்னரின் முன், நடு, கதவுப் பக்கம் போகப்போகும் பெட்டிகளில் அளந்து, நேரத்தோடு எழுதி, படமும் எடுத்து வையுங்கள்.

அடுக்குவது

இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். குளிர்ந்த காற்று இயந்திரத்திலிருந்து தரைக்கு வந்து, டி-பார் எனப்படும் அலுமினியத் தண்டவாளங்களுக்கு இடையே கதவுவரை ஓடி, சரக்கின் ஊடாக மேலே எழும்பி, கூரையோரமாக இயந்திரத்துக்குத் திரும்புகிறது. காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். பேலட்டுகளுக்கு நடுவிலோ கதவுப் பக்கமோ தரை திறந்து கிடந்தால், காற்று அந்த வழியே மேலே ஏறிவிடும், பெட்டிகளுக்குள் புகாது. ஆகவே சரக்கு மூடாத தரையை எல்லாம் கெட்டியான அட்டை விரித்து மூடுங்கள். அதே சமயம் சரக்கு டி-பார் முடியும் இடத்தைத் தாண்டிக் கதவை நோக்கி நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. மேலே, சுவரில் வரைந்த சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு பெட்டிகூட ஏறக் கூடாது.

புதிய காய்கனிகளின் பெட்டிகளில் மேலும் கீழும் துளைகள் வேண்டும். மூலைக்கு மூலை நேராக அடுக்கினால் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும், பாரமும் பெட்டியின் வலுவான மூலைகளில் இறங்கும். செங்கல் கட்டுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் இரண்டும் கெடும். பேலட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் சுற்றி இறுக்குவது சரக்கைப் போர்வையில் பொதிவதற்குச் சமம். மூலைக் கட்டையும் பட்டையும் போட்டுக் கட்டுங்கள்.

உறைந்த சரக்குக்கு நேர்மாறு. அது சுவாசிப்பதில்லை, வெளியிலிருந்து வரும் வெப்பத்தை மட்டும் தடுத்தால் போதும். பெட்டிகளை இடைவெளியே இல்லாமல் ஒரே கட்டியாக அடுக்குங்கள். காற்று அந்தக் கட்டியைச் சுற்றிப் போகட்டும்.

உயரம் கூடிய 40 அடி ஹைகியூப் ரீஃபரில் 1 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவுள்ள பேலட்டுகள் 20 அல்லது 21 கொள்ளும். வெப்பநிலையைப் பதிவுசெய்யும் உங்கள் சொந்த டேட்டா லாகரைக் கதவிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது பேலட்டில், கண்மட்ட உயரத்தில், பெட்டிக்குள் வையுங்கள். எந்தப் பேலட்டில் இருக்கிறது என்பதைப் பேக்கிங் லிஸ்டில் குறிப்பிட்டால்தான் அங்கே எடுப்பார்கள்.

ஆவணங்கள்

வாங்குபவரின் நாட்டில் அந்தப் பொருளுக்கு இறக்குமதி அனுமதி இருக்கிறதா என்பதை அறுவடைக்கு முன்பே உறுதிசெய்யுங்கள். காய்கனிகளுக்குத் தாவர நலச் சான்று, மீன் இறைச்சிக்குச் சுகாதாரச் சான்று. இவற்றில் பெட்டி எண்ணிக்கையும் எடையும் கண்டெய்னர் எண்ணும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும். மரப் பேலட்டில், பூச்சி பரவாதபடி மரத்தைப் பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இல்லாவிட்டால் சரக்கு நன்றாக இருந்தாலும் துறைமுகத்திலேயே நிற்கும். கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் விதிப்படி 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையான வி.ஜி.எம். கொடுக்காமல் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்ற முடியாது. கிடங்கிலிருந்து துறைமுகம்வரை லாரியில் இயந்திரத்துக்கு மின்சாரம் தரும் ஜென்செட் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

பெறுபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: குளிர்சரக்கில் செட் பாயிண்ட் என்பது இயந்திரம் உள்ளே அனுப்பும் காற்றின் வெப்பநிலை. திரும்பி வரும் காற்று அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. சுருளில் படிந்த பனியை இயந்திரம் உருக்கும்போது பதிவில் சிறு ஏற்றங்கள் தெரியும். அதுவும் பழுது இல்லை. மணிக்கணக்கில் நீடிக்கும் ஏற்றமே கேள்விக்குரியது.

சேதம் தெரிந்தால் இறக்குவதை நிறுத்தி, பழத்தின் உள் வெப்பநிலையை அளந்து, படம் எடுத்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை அழையுங்கள். இயந்திரத்தின் பதிவையும் உடனே கேட்டு வாங்குங்கள். கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பைச் சொல்லும் ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் பயணத்தில், வெளியே தெரியும் சேதத்தை ஒப்படைக்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். தெரியாததற்கு 3 நாள். வழக்குத் தொடர ஓர் ஆண்டு. காப்பீட்டையும் முன்பே படியுங்கள். கடல் சரக்குக் காப்பீட்டில் பயன்படும் இன்ஸ்டிட்யூட் உறைந்த உணவு விதிகளில், இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் அந்தப் பழுதால் வந்த வெப்பநிலை மாற்றத்துக்கு இழப்பீடு கிடைக்கும். 20 மணி நேரம் நின்று சரக்கு கெட்டாலும் அந்த விதியின் கீழ் பணம் வராது. குறைந்த நேரத்துக்கும் பாதுகாப்பு வேண்டுமானால் பாலிசி எடுக்கும்போதே கேட்டுச் சேர்க்க வேண்டும்.