அலமாரிக் கதவுகளில் மரரேகைப் பூச்சு

பழைய அலமாரிக் கதவுகளுக்குத் தூரிகையாலேயே மரரேகைத் தோற்றத்தைக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பூச்சு நிலைத்து நிற்பது, வண்ணம் தொடுவதற்கு முன் செய்யும் வேலையைப் பொறுத்தது. கதவுகளைக் கழற்றி, கைப்பிடிகளையும் கீல்களையும் நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகும்படி சோப்பு நீரால் கழுவி உலரவிட்ட பிறகு, 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, வண்ணம் நன்கு பிடிப்பதற்கான முதல் பூச்சாகிய பிரைமர் பூச வேண்டும்.

பிரைமரின் மேல் வரும் அடிப்பூச்சு வண்ணம், நீங்கள் விரும்பும் மரத்தின் வெளிறிய நிறத்தில், சற்றே மினுக்கம் உள்ளதாக இருக்கட்டும். மினுக்கமே இல்லாத பூச்சு மேலே வரும் கிளேஸை (வண்ணத்தோடு கலந்து பூசும், மெதுவாக உலரும் ஒளிபுகும் திரவம்) உறிஞ்சிக்கொள்வதால் ரேகைகள் தெளிவாக விழுவதில்லை. அது நன்கு உலர்ந்ததும், ஒரு பங்கு அடர்பழுப்பு வண்ணத்துடன் 4 பங்கு கிளேஸ் கலந்து மெல்லியதாகப் பூசி, ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். இதை முதலில் ஓர் அட்டையில் பழகிக்கொள்ளுங்கள். கை இலேசாக நடுங்கினாலும் நல்லதே. அளவுகோல் வைத்தாற்போன்ற நேர்கோடுகள் மரத்தில் இருப்பதில்லை. கணுக்கள் வேண்டுமானால் ரப்பர் ரேகைக் கருவியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடி இழுக்கலாம் என்றாலும், ஒவ்வொரு கதவிலும் கணு இருந்தால் அது செயற்கை என்பது உடனே தெரிந்துவிடும். ஒன்றிரண்டே போதும் என்பது என் கருத்து. சட்டமிட்ட கதவுகளில், நிற்கும் சட்டங்களில் ரேகை செங்குத்தாகவும் குறுக்குச் சட்டங்களில் கிடையாகவும் ஓட வேண்டும், ஏனெனில் தச்சர் மரத்தை அப்படித்தான் இணைப்பார்.

ஒரு நாள் உலர்ந்தபின், பாதுகாப்புக்கான மேற்பூச்சாக நீர் சார்ந்த பாலியூரித்தேனை இரண்டு முறை பூசுங்கள்; எண்ணெய் சார்ந்தது வெளிர் நிறங்களின் மேல் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.