எகிப்திய நீலத்தைச் சூளையில் ஆக்கும் முறை

எகிப்தியர் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே செயற்கையாக ஆக்கிய இந்த அரிய நீல நிறமியை, மட்பாண்டச் சூளை வைத்திருப்பவர்கள் இன்றும் செய்யலாம். குவார்ட்ஸ் தூள் 240 கிராம், சுண்ணாம்புக்கல் தூள் 100 கிராம், செம்புத் தாதுவான மாலகைட் 110 கிராம் ஆகியவற்றுடன், அன்றைய நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்புக்கு ஈடாகச் சோடியம் கார்பனேட் 25 கிராம் சேர்த்து, முகக்கவசம் அணிந்து மிக நுண்மையாக அரைத்துக் கலக்க வேண்டும். கலவையை மூசையில் (அதிக வெப்பம் தாங்கும் கிண்ணத்தில்) இட்டு, காற்றோட்டமுள்ள சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியசில் ஒரு நாள் முழுவதும் வைத்திருங்கள். வெப்பம் 1,050 டிகிரியைத் தாண்டினால் நீலப் படிகம் சிதைந்துவிடும் என்பதால் இங்கே பொறுமைதான் முதல் தேவை. ஆறிய கட்டியை இடிக்கும்போது தூள் நுண்மையாக ஆக நிறம் வெளிறும். ஆகவே அடர்நீலம் வேண்டுவோர் அதைச் சற்றுக் கொரகொரப்பாகவே விடுவது நல்லது. செந்நிற ஒளியில் இந்நிறமி அகச்சிவப்பாக ஒளிர்கிறதா என்று அதற்குரிய கேமராவால் சோதியுங்கள். ஏதென்ஸின் பழங்காலக் கிரேக்கக் கோவிலான பார்த்தெனானின் சிற்பங்களில் கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருந்த நீலமும் இவ்வாறே வெளிப்பட்டது.