லத்தீன் தொடர்களைத் தமிழ் வழியாகப் பிரித்துப் படிப்பது எப்படி?

லத்தீன் பொன்மொழிகள் என்று தேடினால் ஒரு பக்கம் லத்தீன், மறுபக்கம் ஆங்கில அர்த்தம் என்று நீளமான பட்டியல்கள் கிடைக்கும். அப்படி ஒன்றை நான் மனப்பாடம் செய்தேன், ஒரே மாதத்தில் பாதி மறந்துவிட்டது. அப்புறம் ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் மனதில் நின்றது. லத்தீனிலும் பெயர்ச்சொல்லின் கடைசி மாறி வேற்றுமையைக் காட்டும், வினைச்சொல்லின் விகுதியே யார் செய்தார் என்று சொல்லிவிடும். இதெல்லாம் நமக்குப் பழகிய விஷயம்.

படி 1: ஏற்கெனவே வாயில் இருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்

காலை மணிக்குப் போடும் ஏ.எம். என்பது ஆன்டே மெரிடியெம், அதாவது நண்பகலுக்கு முன். போஸ்ட் மெரிடியெம் என்றால் பின். கல்லூரியில் வாங்கும் போனஃபைடு சான்றிதழில் இருப்பது போனா ஃபிடே, 'நல்ல நம்பிக்கையோடு'. சட்டமன்றம் சைன் டை ஒத்திவைக்கப்பட்டது என்று செய்தியில் வருமே, அது 'நாள் இல்லாமல்'. தேதி குறிப்பிடாமல் என்று நம் பத்திரிகைகள் எழுதுவது ஏறக்குறைய நேர் மொழிபெயர்ப்பு. ஹேபியஸ் கார்பஸ் என்றால் 'உடலை நீ வைத்திரு', ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்ற பொருளில். நீதிமன்றத் தமிழில் ஆட்கொணர்வு மனு. எவ்வளவு நல்ல சொல்!

படி 2: வினைச்சொல்லைப் பிடியுங்கள்

கி.மு. 47-இல் இன்றைய துருக்கியில் உள்ள ஸேலாவில் வென்ற ஜூலியஸ் சீசர் சொன்னதாக வருவது வேனி, வீடி, வீகி. (வீசி, வீச்சி என்றும் சிலர் சொல்வார்கள், சீசர் காலத்தில் அங்கே வரும் c எழுத்துக்கு 'க' ஒலிதான்.) தமிழில் வந்தேன், கண்டேன், வென்றேன். அங்கேயும் மூன்று சொல், இங்கேயும் மூன்று சொல், 'நான்' என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை, ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதை வைத்தாக வேண்டும். ஐ.நா. செய்திகளில் வரும் வீட்டோவும் முழு வாக்கியம்தான்: 'தடுக்கிறேன்'.

படி 3: பெயர்ச்சொல்லின் கடைசியைப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். ஹோமோ ஹோமினி லூபுஸ். ஹோமோ மனிதன், ஹோமினி மனிதனுக்கு, லூபுஸ் ஓநாய். மனிதன் மனிதனுக்கு ஓநாய், சொல் வரிசைகூட மாறவில்லை! 'கு' உருபு செய்யும் வேலையை அங்கே அந்தக் கடைசி 'இ' செய்கிறது.

அடுத்தது குட்டா காவட் லாபிடெம்: துளி, குடைகிறது, கல்லை. இங்கே 'எம்' என்பது நம் 'ஐ'. கவிஞர் ஓவிட், ரோமிலிருந்து நாடு கடத்தப்பட்டு கருங்கடல் கரையில் கிடந்த காலத்தில் எழுதிய வரி இது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை இதன் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறக்கவே மறக்காது.

படி 4: யார், எங்கே சொன்னது என்று பாருங்கள்

கார்பே டியெம் என்பதை 'நாளைக் கைப்பற்று' என்று வீரவசனம்போல எழுதுகிறார்கள். கார்பே என்பது பூவையும் பழத்தையும் பறிப்பதற்கான சொல். ரோமக் கவிஞர் ஹொரேஸ் தன் கவிதையில், ஆயுள் எவ்வளவு என்று பாபிலோனியச் சோதிடக் கணக்குப் பார்க்காதே என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, இருக்கிற இந்த நாளைப் பறி, வரப்போவதை முடிந்தவரை நம்பாதே என்கிறார். இது போர் முழக்கம் அல்ல, கனிந்ததைப் பறித்துக்கொள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் பேச்சு. ஆங்கில அர்த்தத்தோடு நின்றுவிட்டால் இந்த மென்மை முழுக்கப் போய்விடும், எனக்கு அதுதான் வருத்தம்.

படி 5: நீங்களே ஒன்றைப் பிரியுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் வாசகம் டாக்ட்ரினா விம் ப்ரோமோவெட் இன்சிட்டம். இதுவும் ஹொரேஸின் வரியிலிருந்து வந்ததே. டாக்ட்ரினா கல்வி, விம் ஆற்றலை, ப்ரோமோவெட் வளர்க்கிறது. இன்சிட்டம் என்றால் இயல்பிலேயே ஊன்றியிருக்கிற. அது வாக்கியத்தின் கடைசியில் தள்ளிப்போய் நிற்கிறது, ஆனாலும் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை 'ம்' என்ற முடிவை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சரி, இப்போது நாலையும் சேர்த்து ஒரே தமிழ் வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.