1658-இன் நிகழ்வுகளைத் தொகுப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

"1658 ஜூன் 8: சாமுகர் போரில் தாரா ஷிக்கோ தோற்றார். அன்றே ஆக்ரா கோட்டையும் ஔரங்கசீப் வசமானது."

முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மகன்கள் தாராவும் ஔரங்கசீப்பும் அரியணைக்காக மோதிய போர் இது. இப்படி ஒரு வரி எழுதினால், இரண்டு தேதிக்கும் தனித்தனியே ஆதாரம் காட்டிவிடலாம். ஆனாலும் வரி தப்பு. போருக்கும் கோட்டை பணிந்ததற்கும் நடுவே பத்து நாள் இருக்கிறது. அந்த நாட்களில்தான் கோட்டைக்கு யமுனையிலிருந்து போகும் தண்ணீரை ஔரங்கசீப் மறித்தார். உள்ளே இருந்த ஷாஜகான் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மகனுக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளைத் தின்றுவிட்டால் முற்றுகையே காணாமல் போகிறது.

தவறு நுழைந்த வழி இது. சாமுகர் போர் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக் கணக்கில் ஜூன் 8, அதற்கு முந்தைய பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் மே 29. கோட்டை பணிந்தது ஜூலியனில் ஜூன் 8, கிரிகோரியனில் ஜூன் 18. முகலாய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய பல நூல்கள் அன்றைய ஆங்கிலேய வழக்கப்படி ஜூலியன் தேதியையே தருகின்றன. பிற்காலத்து நூல்களும் இணையப் பக்கங்களும் பல இடங்களில் கிரிகோரியனுக்கு மாற்றிவிட்டன. ஒரு வரியை இங்கிருந்தும் அடுத்த வரியை அங்கிருந்தும் எடுத்தால் இதுதான் நடக்கும். 1658-ஐத் தொகுப்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர்: தேதியை எடுப்பார்கள், அது எந்த நாட்காட்டியின் தேதி என்பதை விட்டுவிடுவார்கள்.

பத்து நாள் கணக்கு

17ஆம் நூற்றாண்டு முழுக்க, 1700 பிப்ரவரி வரை, வித்தியாசம் பத்தே நாள்தான். ஜூலியன் தேதியோடு பத்தைக் கூட்டினால் கிரிகோரியன். 11 என்றோ 13 என்றோ கூட்டுபவர்கள் பிந்தைய நூற்றாண்டுகளின் கணக்கை இங்கே கொண்டுவருகிறார்கள். மாதம் தாண்டும்போது கவனம் வேண்டும். 1658-இல் பிப்ரவரிக்கு 28 நாள். டென்மார்க்கும் சுவீடனும் செய்துகொண்ட ரோஸ்கில்ட் உடன்படிக்கை ஜூலியனில் பிப்ரவரி 26. பத்தைக் கூட்டினால் 36, அதில் 28 போக மார்ச் 8. இரண்டு தேதியும் நூல்களில் உண்டு, இரண்டும் ஒரே நாள். இதைத் தெரியாமல் ஒரே உடன்படிக்கையை இரண்டு வரிகளாகப் போடுபவர்களும் உண்டு.

யார் எந்த நாட்காட்டியில் இருந்தார்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, டென்மார்க், சுவீடன், ருஷ்யா ஜூலியனில். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து கிரிகோரியனில். ஜெர்மானியச் சிற்றரசுகள் மதத்தைப் பொறுத்து இரண்டாகப் பிரிந்து கிடந்தன. நெதர்லாந்திலும் ஹாலந்து, சீலாந்து மாகாணங்கள் புதிய முறைக்கு மாறியிருந்தன. உத்ரெக்ட் போன்றவை மாறவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பின்பற்றியது புதிய முறையை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சோழமண்டலக் கரையிலேயே இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கிரிகோரியன் தேதி போட்டுக் கடிதம் எழுத, அங்கிருந்து ஒரு நாள் நடையில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பத்து நாள் பின்தங்கிய தேதி போட்டுக்கொண்டிருந்தார்கள். தெற்கே தரங்கம்பாடி டேனியரும் பழைய கணக்குதான். இந்த ஆவணங்களை அப்படியே அடுக்கினால், பதில் கடிதம் கேள்விக் கடிதத்துக்கு முன்னால் போய் நிற்கும்.

சந்தேகம் வந்தால் கிழமையைப் பாருங்கள். அன்று இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் இறந்தது 1658 செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை. அந்தத் தேதியைக் கணினியில் உள்ள நாட்காட்டிச் செயலியில் போட்டால் செவ்வாய் என்று காட்டும், ஏனென்றால் செயலி அதை கிரிகோரியனாக எடுத்துக்கொள்கிறது. செப்டம்பர் 13 என்று போட்டால் வெள்ளி வரும். அப்படியானால் செப்டம்பர் 3 ஜூலியன் தேதி. மூல ஆவணத்தில் கிழமை இருந்தால் அதைத் தொகுப்பில் கட்டாயம் குறித்து வையுங்கள். இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

கிராம்வெல்லின் தேதியை மட்டும் செப்டம்பர் 13 என்று மாற்றி எழுதிவிட்டுப் போகாதீர்கள். செப்டம்பர் 3 அவருடைய டன்பார் (1650), வூஸ்டர் (1651) வெற்றிகளின் ஆண்டு நாள். அன்றைய இங்கிலாந்தில் எல்லோரும் பேசியது அந்தப் பொருத்தத்தைத்தான். மூலத் தேதியையும் மாற்றிய தேதியையும் சேர்த்தே கொடுங்கள்.

ஜனவரியும் பிப்ரவரியும்

பத்து நாள் பிழை பரவாயில்லை; இங்கே ஓர் ஆண்டே தவறும். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் நமக்கு 1658 பிப்ரவரி 4 ஆன நாள், அவர்கள் தாளில் 1657 பிப்ரவரி 4. கிராம்வெல் தன் கடைசி நாடாளுமன்றத்தைக் கலைத்த நாள் அது. மறுபக்கம், "1658 ஜனவரி 27" என்று ஆங்கிலத் தாளில் இருந்தால் அது நம் கணக்கில் 1659. அன்று கூடியது மகன் ரிச்சர்ட் கிராம்வெல்லின் நாடாளுமன்றம். தந்தை இறந்து நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்த வரியை 1658-இல் தூக்கி வைத்தால், ஆலிவர் உயிரோடு இருக்கும்போதே மகன் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்ததாக ஆகிவிடும்.

கவனமானவர்கள் 1657/8 என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். சாய்கோட்டைப் பார்த்து "இரண்டு ஆண்டுகள் நடந்தது" என்று புரிந்துகொள்ளக் கூடாது. புனித ஜார்ஜ் கோட்டைக் கடிதங்களுக்கும் இதே கணக்கு. டேனியருக்கும் சுவீடருக்கும் புத்தாண்டு ஜனவரி 1. அவர்கள் தாளில் நாள்தான் மாறும், ஆண்டு மாறாது.

ருஷ்ய ஆவணம் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும், செப்டம்பர் 1-இல் ஆண்டு பிறக்கும். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 5508 கழிக்க வேண்டும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509. ஆக 1658-இன் முற்பகுதி 7166, பிற்பகுதி 7167.

ஹிஜ்ரியும் விளம்பியும்

சாமுகர் போர் ஹிஜ்ரி 1068 ரமலான் 7. இதில் 622-ஐ நேராகக் கூட்டி 1690 என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். தோராயத்துக்கு 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்: 1068 × 0.97 = 1036, கூட்டினால் 1658. இது ஆண்டைக் கண்டுபிடிக்க மட்டும்; 1068 என்பது 1657 அக்டோபரில் தொடங்கி 1658 செப்டம்பர் இறுதியில் முடிகிறது, ஆகவே மாதம் தெரியாமல் ஆண்டை உறுதி செய்யாதீர்கள். ஹிஜ்ரி நாள் சூரிய அஸ்தமனத்தில் பிறக்கும் என்பதால் ஒரு நாள் முன்பின் வருவது இயல்பு.

நம் பக்கத்து ஆவணங்களில் இன்னொரு பொறி. 1658 ஏப்ரலில் பிறந்தது விளம்பி. அதற்கு முந்தையது ஹேவிளம்பி. பெயர் ஒட்டி ஒலிப்பதால் படியெடுக்கும்போதே மாறிப்போகும். வெறும் "விளம்பி வருஷம்" என்பது 1598 ஆகவும் இருக்கலாம், 1718 ஆகவும் இருக்கலாம். சக ஆண்டு 1580 என்றோ, தென்பாண்டிப் பக்கமானால் கொல்லம் ஆண்டு 833 அல்லது 834 என்றோ கூடவே இருந்தால்தான் நம்பலாம். சித்திரை முதல் நாளை ஏப்ரல் 14 என்று வைத்து மாற்றுவதும் பிழை. அது மெல்ல நகர்ந்து வந்த தேதி. 1658-இல் கிரிகோரியன் ஏப்ரல் 8 வாக்கில்தான் சித்திரை பிறந்தது. தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக்கும்போது இதனால் ஆறு நாள் பிசகும்.

யாழ்ப்பாணத்தில் தோற்றது யார்?

"1658-இல் யாழ்ப்பாண அரசு டச்சுக்காரரிடம் வீழ்ந்தது" என்பது தமிழ்த் தொகுப்புகளில் வரும் பெரிய பிழை. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619-இல், போர்த்துக்கேயரிடம். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியை வென்றவர் பிலிப் டி ஒலிவேரா. 1658-இல் கோட்டையை இழந்தவர்கள் அந்தப் போர்த்துக்கேயர். யாரிடமிருந்து யாரிடம் என்று இரண்டு பெயரும் இல்லாமல் "கைப்பற்றப்பட்டது" என்று முடிக்கும் வாக்கியத்தை எழுதவே எழுதாதீர்கள். நாற்பது ஆண்டுப் போர்த்துக்கேய ஆட்சி அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

பிடித்தது நெதர்லாந்து அரசின் படை அல்ல, கம்பெனியின் படை. தலைமை ரைக்ளோஃப் வான் கூன்ஸ். வரிசையும் முக்கியம். கொழும்பு 1656 மே மாதமே விழுந்துவிட்டது, அதை 1658-இல் சேர்க்கக் கூடாது. 1658-இல் முதலில் தூத்துக்குடி, பிப்ரவரியில் மன்னார், பிறகு யாழ்ப்பாணம். ஊர்காவற்துறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை குடிநீர் தீர்ந்து பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்து ஜூனில் சரணடைந்தது. ஜூலையில் நாகப்பட்டினம். இரு தரப்பும் கிரிகோரியன் என்பதால் இந்தத் தேதிகளில் பத்தைக் கூட்ட வேண்டாம். பழக்கதோஷத்தில் எல்லாவற்றிலும் பத்தைக் கூட்டுவதும் நடக்கிறது.

இன்னும் மூன்று சறுக்கல்கள் இதே இடத்தில். "டச்சுக்காரர் இலங்கை முழுவதையும் பிடித்தனர்" என்பது தவறு. கண்டியில் இரண்டாம் ராஜசிங்கன் ஆண்டுகொண்டிருந்தார், கரையோரம்தான் கைமாறியது. "நாகப்பட்டினத்தைத் தலைநகராக்கினர்" என்பது அப்போது நடக்கவில்லை. சோழமண்டலத் தலைமையிடம் 1690 வரை பழவேற்காடுதான். இன்று யாழ்ப்பாணத்தில் நாம் பார்க்கும் ஐங்கோணக் கோட்டையும் 1658-இல் நின்றதல்ல: போர்த்துக்கேயருடையது சதுரக் கோட்டை, ஐங்கோணம் 1680 வாக்கில் டச்சுக்காரர் கட்டியது. முற்றுகைச் செய்திக்கு மேலே ஐங்கோண வரைபடத்தைப் போட்டால் இருபது ஆண்டுப் பிசகு.

பெயரிலும் விழிப்பு வேண்டும். ஈழத்து நூல்களில் ஒல்லாந்தர், தமிழ்நாட்டு நூல்களில் டச்சுக்காரர். அங்கே போர்த்துக்கேயர், இங்கே போர்ச்சுக்கீசியர். இரண்டு வகை நூலையும் பார்த்துத் தொகுத்த பட்டியலில், நாலு தரப்பு மோதியதுபோல வந்துவிடும்.

நடந்து முடிந்ததா, தொடங்கியதா?

ரோஸ்கில்ட் உடன்படிக்கையோடு சுவீடன்-டென்மார்க் போர் முடிந்ததாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டின் கதையில் அது முதல் பாதிதான். குளிர்காலத்தில் உறைந்த கடல்மேல் படையை நடத்திப்போய் (சிறிய பெல்ட் நீரிணையில் பனி உடைந்து குதிரைப்படையின் ஒரு பகுதி மூழ்கியது) டென்மார்க்கைப் பணியவைத்த சுவீடன் அரசர் பத்தாம் சார்லஸ் கஸ்டாவ், ஆகஸ்ட்டிலேயே ஒப்பந்தத்தை மீறி மறுபடி பாய்ந்தார். கோபன்ஹேகன் முற்றுகை, அதை உடைக்க வந்த டச்சுக் கப்பற்படையின் சவுண்ட் நீரிணைப் போர் (ஜூலியனில் அக்டோபர் 29, கிரிகோரியனில் நவம்பர் 8), டிசம்பரில் போர்ன்ஹோம் தீவின் கிளர்ச்சி, நார்வேயின் டிராண்ட்ஹெய்ம் சுவீடனின் கைநழுவியது எல்லாம் அதே ஆண்டு. ரோஸ்கில்டில் கிடைத்தவற்றில் ஸ்கோனியா சுவீடனிடம் நிலைத்தது, போர்ன்ஹோமும் டிராண்ட்ஹெய்ம் பகுதியும் 1660 உடன்படிக்கையில் திரும்பிப்போயின. மார்ச் மாத வரைபடத்தை "1658 வரைபடம்" என்று போடாதீர்கள். இந்தச் சார்லஸை குஸ்தாவ் அடால்ஃபஸ் என்று எழுதுவதும் உண்டு. அவர் 1632-இலேயே போரில் இறந்துவிட்டார்.

ஔரங்கசீப் முடிசூடியது இரண்டு முறை: 1658 ஜூலை 31 (ஜூலியனில் 21) டெல்லி ஷாலிமார் தோட்டத்தில் அவசரமாக ஒன்று, 1659 ஜூனில் முழு ஆடம்பரத்தோடு ஒன்று. எதைச் சொல்கிறோம் என்று குறிக்க வேண்டும். ஷாஜகான் இறந்ததால் ஔரங்கசீப் வந்தார் என்பதும் தவறு. ஷாஜகான் ஆக்ராவில் அடைபட்டு 1666 வரை உயிரோடு இருந்தார். தாரா கொல்லப்பட்டது 1659. சாமுகருக்கு பிரெஞ்சுப் பயணி பெர்னியரை நேரில் கண்ட சாட்சியாகக் காட்டுவார்கள். அவர் தாராவைச் சந்தித்ததே அடுத்த ஆண்டு, அகமதாபாத் பக்கம். தாராவின் பீரங்கிப் படையில் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர் இத்தாலியப் பயணி மனுச்சி.

டன்கர்க் அருகே மணல்மேட்டுப் போர் (ஜூன் 14, ஆங்கிலத் தாளில் ஜூன் 4) "இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து ஸ்பெயினை வென்றன" என்று பாதி சரியாக எழுதப்படுகிறது. கிராம்வெல்லின் செஞ்சட்டைக்காரர்கள் பிரெஞ்சுத் தளபதி துரேனோடு நின்றார்கள். நாடு கடத்தப்பட்ட ஆங்கில இளவரசர் ஜேம்ஸ் ஸ்பெயின் பக்கம் நின்றார், அந்தப் பக்கமே பிரெஞ்சு இளவரசர் கோந்தேயும். கொடியை வைத்து ஆளைப் பிரிக்க முடியாத போர் அது.

லியோபோல்டை "ஆஸ்திரியப் பேரரசர்" என்று எழுதாதீர்கள். ஜூலை 18-இல் பிராங்பேர்ட்டில் அவரைத் தேர்ந்தெடுத்தது புனித ரோமானியப் பேரரசராக. ஆஸ்திரியப் பேரரசு என்ற ஒன்று வந்ததே 1804-இல். முந்தையவர் இறந்து பதினைந்து மாதம் அரியணை காலியாகக் கிடந்ததையும் யாரும் குறிப்பதில்லை.

டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸின் ஊசல் கடிகாரத்தைப் பலர் 1658-இல் போடுகிறார்கள். அவர் அதை உருவாக்கியது 1656 டிசம்பர், காப்புரிமை 1657. 1658-இல் வெளிவந்தது அதை விளக்கும் சிறு நூல். 1673-இல் வந்த பெரிய நூல் வேறு. ஒரே விஷயத்துக்கு நாலு ஆண்டு கிடைத்தால், உருவாக்கம், உரிமை, அச்சு என்று பிரித்து, உங்கள் ஆண்டுக்குரியதை மட்டும் எடுங்கள்.

அட்டவணை போடும்போது

எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். 8-6-1658, 29-5-1658 என்று நிரப்பி வரிசைப்படுத்தினால் குப்பைதான் வரும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனிக் கட்டங்களில் எண்ணாக வையுங்கள். மூலத்தில் இருந்த தேதிக்கு ஒரு கட்டம், அதன் நாட்காட்டிக்கு ஒன்று, கிழமைக்கு ஒன்று, மாற்றிய கிரிகோரியன் தேதிக்கு ஒன்று. நாட்காட்டிக் கட்டம் காலியாக இருக்கும் வரியை வெளியிடாமல் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே மாற்றிய தேதியை இன்னொரு முறை மாற்றுவது அந்தக் காலிக் கட்டத்தால்தான்: ஜூன் 8 சாமுகர் ஜூன் 18 ஆகி, மறுபடியும் ஆக்ரா கோட்டையின் நாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.