பட்டை கையில், நாய் பாலாற்றில்: காப்பக நாயைத் தத்தெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை காட்பாடியில் ஒரு தம்பி, முந்தின நாள்தான் காப்பகத்திலிருந்து கூட்டிவந்த நாயைச் சாலையில் நடத்திக்கொண்டிருந்தார். ஒன்றரை வயது, கால் தரையில் நிற்கவில்லை. "ரொம்பத் துறுதுறுப்பு அண்ணா, நன்றாக ஓடவிட்டால் அடங்கிவிடுவான்" என்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தடுப்பூசி, குடற்புழு மருந்து பற்றியெல்லாம் கால்நடை மருத்துவர் சொல்வார். நான் சொல்ல வந்தவை வேறு.

கழுத்துப்பட்டையை நம்புவது

என் நாய் சிப்பிப்பாறையும் தெருநாயும் கலந்தது. இந்த வாகு நாய்களுக்குத் தலை ஒடுக்கம். கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். நாய் முன்னால் இழுக்கும்வரை பட்டை பிடித்து நிற்கும். மிரண்டு பின்வாங்கினால் காது மடங்கும், பட்டை வழுக்கிக் கழன்றுவிடும். வந்த நான்காம் நாள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு அதுதான் நடந்தது. ரயில் ஒருமுறை ஊதியது. கயிற்றின் நுனியில் வெறும் பட்டை ஆடிக்கொண்டிருந்தது, அதில் என் கைபேசி எண் பொறித்த வில்லையோடு.

பெயரைக் கத்திக்கொண்டு துரத்தினேன். நான்கு நாளில் அதற்குத் தன் பெயரும் தெரியாது, என்னையும் தெரியாது. துரத்துகிறவனைக் கண்டால் எந்த நாயும் இன்னும் வேகமாகத்தான் ஓடும். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். ஓடிப்போன மூன்றாம் நாள் பாலாற்று மணலில் கிடைத்தது. தங்கள் எல்லைக்குள் வந்த புதியவனை அங்கிருந்த நாய்கள் சும்மா விடவில்லை. தொடையில் ஏழு தையல், மறுபடி ரேபிஸ் ஊசி. அந்தச் செலவைக்கூட மறந்துவிட்டேன். அதன்பின் மூன்று மாதம் வாசற்படி தாண்ட மறுத்து நடுங்கியதைத்தான் மறக்க முடியவில்லை. அதனால்தான் மெல்லிய பட்டையோடு யாராவது எதிரே வந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். கூடவே, இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை. இரண்டையும் சேர்த்தே கயிற்றில் மாட்டுங்கள். பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். தோலுக்கடியில் செலுத்தும் அடையாள மைக்ரோசிப்பும் வைத்துவிடுங்கள், அது பட்டையோடு கழன்று வராது.

கேட்

உள்கதவைச் சாத்தாமல் கேட்டைத் திறக்காதீர்கள்.

ஓடவிட்டு அடக்குவது

தினமும் ஓடவிட்டால் நாய்க்குத் தெம்பு கூடும். அடுத்த மாதம் இரண்டு மடங்கு ஓட்டம் கேட்கும். அதன் மூக்குக்கு வேலை கொடுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டுகளைப் பழைய துணியில் சுருட்டி ஒளித்து வையுங்கள். கால் மணி நேரம் மோப்பம் பிடித்துத் தேடிய பிறகு என் நாய் தானே போய்ப் படுத்துக்கொள்ளும்.

வேலூர் வெயில்

தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால் வீடு திரும்புங்கள்.

வரவேற்பு விழா

முதல் வாரம் சொந்தபந்தம் யாரும் வேண்டாம்.

அந்தத் தம்பியிடம், நாய்க்கு முன்னால் நின்று பட்டையை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னேன். காதுவரை வந்து நின்றது. வேறொன்றும் பேசாமல் நாயை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.