குளியல் தொட்டி வாங்கும்முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

கடையில் குளியல் தொட்டியை நாம் எப்போதும் காலியாகத்தான் பார்க்கிறோம். வெள்ளை வெளேரென்ற உட்புறமும் வளைந்த விளிம்பும் கண்ணைக் கவர்ந்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதில் 200 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது உறைக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், எதில் சுடும், அதன் எடையை எது தாங்கும், குளித்த பின் எந்த வழியாகப் போகும்? இவற்றைக் கேட்காமல் தொட்டி வாங்கிய வீடுகளில் சில மாதங்களில் அது துணி ஊறவைக்கும் இடமாகிவிடுகிறது. கழுத்தளவு வெந்நீரில் அரைமணி நேரம் அசையாமல் கிடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அறிந்தவன் என்பதால், அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதல் தவறு வெந்நீரில்தான் தொடங்குகிறது. நம் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் 15 அல்லது 25 லிட்டர் கீசர்தான் இருக்கும். வாளியும் குவளையும் கொண்டு குளிக்க அது போதும். தொட்டிக்குப் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடம்பை ஊறவைக்கும் தண்ணீர் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 60 டிகிரி சூட்டில் உள்ள வெந்நீர் 75 லிட்டர் தேவை. 25 லிட்டர் கீசர் மூன்று முறை நிறைந்து சுட வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு இது சுமார் 1 மணி 25 நிமிட வேலை. மூன்றாவது தவணை வெந்நீர் வருவதற்குள் முதல் தவணை ஆறிப்போயிருக்கும். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கும் நாளில் 110 லிட்டருக்கு மேல் வெந்நீர் வேண்டியிருக்கும். சென்னையில் மின்சாரம் மூன்று யூனிட்டுக்குள் முடிந்துவிடுவதால் செலவை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. கீசரின் கொள்ளளவுதான் பிரச்சினை. தனி வீட்டில் 200 லிட்டர் சூரிய வெந்நீர் அமைப்பு இருந்தால் இந்தக் கவலையே இல்லை. இல்லையென்றால், குறைந்தது 80 லிட்டர் கீசருக்கு இடமும் தனி மின்இணைப்பும் ஒதுக்கிவிட்டுத்தான் தொட்டிக் கடைக்குப் போக வேண்டும்.

வெந்நீர் இருந்தும் குழாயில் வேகம் இல்லாவிட்டால் பயனில்லை. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீட்டில்தான் தண்ணீர் அழுத்தம் மிகக் குறைவு. நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் குழாயில் 200 லிட்டர் நிறைய 25 நிமிடம் ஆகும். தரையிலிருந்து எழுந்து நிற்கும் அழகான குழாய்கள் பலவும் நல்ல அழுத்தத்தில்தான் ஒழுங்காக ஓடும். உங்கள் குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் எண் கடைக்காரர் காட்டும் எல்லாப் படங்களையும்விட உங்களுக்கு உதவும்.

அடுத்தது ஆழம். அட்டையில் 58 சென்டிமீட்டர் உயரம் என்று போட்டிருப்பார்கள். அது தரையிலிருந்து விளிம்பு வரையிலான உயரம். தண்ணீர் விளிம்பு வரை நிற்பதில்லை. பக்கச் சுவரில் உள்ள ஓவர்ஃப்ளோ துளையை எட்டியதும் வெளியேறிவிடும். தொட்டியின் அடித்தட்டும் தரையிலிருந்து சற்று உயர்ந்துதான் இருக்கும். ஆகவே உட்புற அடியிலிருந்து அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். அது 35 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் முழங்காலும் தோளும் மாறி மாறி வெளியே நின்று குளிரும். 40 இருந்தால் நல்லது.

நீளம் கூடினால் சுகமும் கூடும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. ஐந்தடி இரண்டங்குலம் உயரமுள்ளவர் ஆறடித் தொட்டியில் படுத்தால், கால் எதிர்ப்புறம் எட்டாமல் உடம்பு வழுக்கித் தண்ணீருக்குள் போகும். கழுத்தை இறுக்கிக்கொண்டே கிடக்க வேண்டியிருக்கும். கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே தொட்டிக்குள் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் அதைப் பயன்படுத்தப்போகும் ஒவ்வொருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஜப்பானியரின் ஒஃபுரோ தொட்டி இதற்கு நல்ல பாடம். நீளம் குறைவு, ஆழம் அதிகம். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் தண்ணீர் தோள் வரை வரும். நமக்கு இன்னும் முக்கியமானது அவர்கள் அதைப் பயன்படுத்தும் முறை. தொட்டிக்கு வெளியே தரையில் அமர்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக் குளித்த பிறகே உள்ளே இறங்குகிறார்கள். அதனால் அதே தண்ணீரில் குடும்பமே அடுத்தடுத்து ஊற முடிகிறது. நம் குளியலறையும் தரை முழுதும் நனையலாம் என்று கட்டப்பட்டதுதான். வாளியும் குவளையும் தரையில் வடிகாலும் ஏற்கெனவே இருக்கின்றன. அப்படியிருக்க, வாளிக் குளியலுக்கான இடத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு அங்கே தொட்டியைப் பதிப்பது தவறு. தினமும் காலையில் அவசரமாகக் குளிக்க இடம் வேண்டாமா? ஐந்துக்கு எட்டடி அறையில் இரண்டுக்கும் இடமில்லையென்றால் தொட்டியை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் வெளியே கழுவிவிட்டு இறங்கும் முறை எண்ணெய்க் குளியலுக்கும் பொருந்தும். நல்லெண்ணெய் தேய்த்த உடம்போடு வழவழப்பான அக்ரிலிக் தொட்டியில் கால் வைப்பது மிக ஆபத்தானது. சீயக்காய்த் தூள் வடிகுழாயில் போய்ப் படியும். எண்ணெயை வெளியே தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு ஊறுங்கள்.

எடை விஷயத்தில் மேஸ்திரியின் தைரியத்தை நம்பி இறங்குபவர்கள் அதிகம். "ஒண்ணும் ஆகாது சார்" என்பது பொறியியல் கணக்கு ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் தண்ணீர், 70 கிலோ ஆள், 45 கிலோ அக்ரிலிக் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 315 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் அது சதுர மீட்டருக்கு 280 கிலோவாக இறங்கும். வார்ப்பிரும்போ கல் கலவையோ என்றால் தொட்டி மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். வீடுகளின் குளியலறைத் தளத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை, அதாவது தளத்தின் சொந்த எடை போக ஆட்களும் பொருட்களும் ஏற்றும் எடை, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. இதனால் தளம் உடனே இடிந்துவிடும் என்று பொருளில்லை. அறையின் மற்ற பகுதி காலியாக இருக்கும்; பாதுகாப்புக்கென்று கூடுதல் வலிமையும் வைத்துத்தான் கட்டுவார்கள். ஆனால் முப்பது வருடக் கட்டடத்தில் கம்பி துருப்பிடித்திருந்தால் அந்தக் கூடுதல் வலிமையை எவ்வளவு நம்பலாம்? கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள். தொட்டி அறை நடுவில் வேண்டாம். சுவரையும் பீமையும் ஒட்டி இருக்கட்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய வீடுகளில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, பள்ளத்தைச் செங்கல் துண்டும் இடிபாடும் கொண்டு நிரப்பியிருப்பார்கள். ஓரடி ஆழ நிரப்பே சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிட்டு எடை குறைந்த பொருளால் நிரப்பினால், தொட்டிக்கான சுமைக்குத் தளத்தில் இடம் கிடைக்கும். அப்போதே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையும் முழுத் தளத்துக்கும் பூசிவிடலாம். தொட்டி மறைக்கும் இடம்தானே என்று அதன் அடியில் பூச்சை விட்டுவிடுவதால்தான் கீழ்வீட்டுக் கூரையில் கறை படிகிறது. சுவரோடு பதிக்கும் தொட்டியென்றால், வடிகுழாய் இணைப்பை எட்டிப்பார்க்கத் திறந்து மூடும் பலகை ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு சிறு வாஷரை மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

வயதானவர்களுக்கு மூட்டுவலிக்கு இதமாக இருக்கும் என்று ஆழத் தொட்டி வாங்குகிறார்கள். என் அம்மாவுக்காக நாங்களும் அப்படித்தான் யோசித்தோம். 58 சென்டிமீட்டர் விளிம்பைத் தாண்ட ஒரு காலில் நின்று மறு காலைத் தூக்க வேண்டும் என்பதைக் கடையில் அவர் தயங்கி நின்றபோதுதான் உணர்ந்தோம். வலிக்கிற முழங்காலால் முடியாத செயல் அது. அகலமான விளிம்பில் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்பும்படியான வடிவமும், சுவரில் திருகி இறுக்கிய கைப்பிடியும் வேண்டும். இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் வெந்நீரில் ஊறக் கூடாது. சிறு குழந்தை உள்ள வீட்டில் குளித்த மறுநிமிடமே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

தண்ணீரின் அளவு மனத்தை உறுத்துவதும் நியாயமே. நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவுகோல். ஒரு தொட்டி அதைத் தாண்டிவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. வாரம் ஒருமுறை, சோப்புக் கலக்காமல் ஊறிய தண்ணீரைத் தோட்டத்துக்கோ கழிப்பறைக்கோ திருப்பும்படி குழாய் போட்டுவிட்டால் என் மனம் ஒப்புக்கொள்கிறது. இந்தக் குழாயையும் டைல்ஸ் ஒட்டும் முன்பே போட வேண்டும்.

வேலை முடிந்ததும் பிளம்பருக்குக் கடைசித் தவணைப் பணத்தை உடனே கொடுத்துவிடாதீர்கள். தொட்டியை ஓவர்ஃப்ளோ துளைக்குச் சற்றுக் கீழ் வரை நிரப்பி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடிட்டு, ஒரு நாள் முழுக்க விட்டுவையுங்கள். மறுநாள் கோடு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்; கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி அவர்கள் கூரையையும் பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு 200 லிட்டரும் ஒரே மூச்சில் வடியட்டும். தரை வடிகாலில் தண்ணீர் எதிர்த்து மேலே வந்தால், பிளம்பர் அங்கே இருக்கும்போதே சரிசெய்ய வைத்துவிடலாம்.