‘பை’: இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லும் மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

போன வாரம், மொழிபெயர்ப்பு பழக வந்த நான்கு பேருக்கு ஒரு பக்க ஆங்கிலத்தைக் கொடுத்தேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கான எளிய குறிப்பு. நால்வரில் மூவர் ஒரே வரியில் சறுக்கியிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் நான் சறுக்கிய அதே மாதிரி வரி, அதே சொல்: ‘பை’ (by). அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘பை’ என்றால் முதன்மையாக ‘அருகில்’ என்றுதான் பொருள். பக்கத்தில் இருப்பது, பக்கமாகக் கடந்து போவது, ஒன்றின் வழியாகப் போவது, ஒன்றைக் கொண்டு செய்வது என்று அது கிளை விட்டுக்கொண்டே போனது. இன்று அகராதியைத் திறந்தால் ஆல், மூலம், வழியாக, ஓரமாக, க்குள், வீதம், படி என்று ஒரு வரிசையே நிற்கும். எல்லாம் சரியான பொருள்கள்தான். எந்த இடத்தில் எது என்பதை மட்டும் அகராதி சொல்லாது.

புத்தக அட்டையில் ‘பை இன்னார்’ என்றால் அவர் எழுதியது, ‘பை ஹார்ட்’ என்றால் மனப்பாடம். இவற்றில் யாரும் தவறுவதில்லை, விட்டுவிடுகிறேன்.

எங்கு பார்த்தாலும் ‘ஆல்’

பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினை நடத்தும்போதே ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று மனதில் படிந்துவிடுகிறது. ஆனால் நாம் பஸ்ஸில் வருகிறோம், தபாலில் அனுப்புகிறோம், பணத்தைச் செக்காகக் கொடுக்கிறோம், கடிதத்தைக் கையால் எழுதுகிறோம். நான்கு இடத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘பை’. தமிழில் மூன்று விதமான முடிவு. ‘குழுவால் தயாரிக்கப்பட்ட அறிக்கை’ என்றும் எழுதாதீர்கள். குழு தயாரித்த அறிக்கை, அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு இடம் உண்மையிலேயே ஆபத்தானது. ‘கில்ட் பை எ ஸ்டோன்’ என்றால் கல் விழுந்து இறந்தார் என்று பொருள் வரும். யாரும் எறிந்ததாக அதில் இல்லை. ‘கில்ட் வித் எ ஸ்டோன்’ என்றால் யாரோ கல்லை எடுத்து அடித்திருக்கிறார். இரண்டையும் ‘கல்லால் கொல்லப்பட்டார்’ என்று எழுதிவிட்டால் விபத்தும் கொலையும் ஒன்றாகிவிடும். தமிழின் ‘ஆல்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அதனால் உருபை நம்பாமல், என்ன நடந்தது என்பதை வினையில் சொல்லுங்கள்: கல் விழுந்து இறந்தார்; கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

‘மூலம்’

சந்தேகம் வந்தால் ‘மூலம்’ போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

குறைந்தது எவ்வளவு, குறைந்து நின்றது எங்கே?

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மருத்துவமனைக்காக நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்தேன். தினமும் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டுவந்தவர்கள் அதைப் படிப்படியாக நிறுத்துவது எப்படி என்று விளக்கும் அறிக்கை. ஆங்கிலத்தில் ‘ரெட்யூஸ் தி டோஸ் பை 5 எம்ஜி எவ்ரி வீக்’ என்று இருந்தது. நான் எழுதியது: ‘வாரந்தோறும் மருந்தின் அளவை 5 மில்லிகிராமாகக் குறைக்கவும்.’

நல்ல தமிழ். படிக்கவும் சரளமாக இருக்கிறது. இரண்டாயிரம் பிரதிகள் அச்சாகி வந்தபிறகு வார்டில் இருந்த செவிலியர் ஒருவர் போன் செய்தார். “சார், நாற்பது சாப்பிடறவங்க அடுத்த வாரமே அஞ்சுக்கு வந்துடணும்னு போட்டிருக்கே, டாக்டர் அப்படியா சொன்னார்?”

டாக்டர் சொன்னது 40, அப்புறம் 35, அப்புறம் 30. நான் எழுதியது 40, அப்புறம் 5. ஸ்டீராய்டைச் சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டால், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. உடம்புக்கு வேண்டியது மாத்திரையிலேயே வந்துவிடுகிறது அல்லவா! மாத்திரையைத் திடீரென்று வெட்டினால் சுரப்பி பழையபடி வேலைக்குத் திரும்ப அவகாசம் இருக்காது. ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் மயக்கமுமாகி, உயிருக்கே ஆபத்து வரலாம். இத்தனைக்கும் காரணம் ‘ஆக’ என்ற ஒரு சின்ன ஒட்டு. அறிக்கை ஒன்றுகூட நோயாளி கைக்குப் போகவில்லை. அச்சுச் செலவை நான் கட்டினேன். அந்தச் செவிலியரின் குரல் இன்றும் காதில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘பை’ வந்தால் வித்தியாசத்தின் அளவு; ‘டு’ வந்தால் போய்ச் சேரும் இடம். தமிழ்நாட்டுத் தமிழில் வித்தியாசத்துக்கு உருபே வேண்டாம்: 5 மில்லிகிராம் குறைக்கவும். போய்ச் சேரும் இடத்துக்குத்தான் ‘ஆக’: 5 மில்லிகிராமாகக் குறைக்கவும். இலங்கைத் தமிழில் இந்த இடத்தில் ‘ஆல்’ போடுகிறார்கள். ‘பெட்ரோல் விலை 10 ரூபாவால் குறைப்பு’ என்ற தலைப்பில் குழப்பத்துக்கு இடமே இல்லை. நம் பக்கத்தில் அது வழக்கமில்லை என்றாலும் பொறாமைப்பட வேண்டிய தெளிவு அது.

பணத்திலும் இதே கதைதான். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (மற்ற வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டி) 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. ‘0.25 சதவீதமாகக் குறைத்தது’ என்று எழுதினால் வட்டியே காணாமல் போய்விடும். ‘0.25 சதவீதம் குறைத்தது’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள், புரிந்தும்விடுகிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் அதுவும் சரியில்லை. 6.50-இல் 0.25 சதவீதம் என்பது 0.016 அளவுதான் வரும். ‘0.25 சதவீதப் புள்ளி’ என்று எழுதிப் பழகுங்கள்.

இன்னொன்று: 100 ரூபாய் விலை 200 சதவீதம் உயர்ந்தால் 300 ரூபாய். அது மூன்று மடங்காக உயர்ந்திருக்கிறது. ‘இரண்டு மடங்காக’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் இப்போது செய்வது இதுதான். கூடினது, குறைந்தது என்று எந்த வாக்கியம் வந்தாலும் ஓரத்தில் பென்சிலால் இரண்டு எண் எழுதுவேன்: முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. இரண்டாவது எண் தெரியவில்லை என்றால் வாக்கியம் எனக்கே புரியவில்லை என்று பொருள், கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். மருந்து விஷயம் என்றால் ‘முதல் வாரம் 40, இரண்டாம் வாரம் 35’ என்று வரிசையாகவே போடலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுவேன். இதுவரை ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நால்வரில் அந்த மூவரும் தமிழ் நன்றாக எழுதுபவர்கள். சரளம் வந்தவர்களைத்தான் இந்தத் தவறு பிடிக்கிறது, ஏனென்றால் ‘ஆக’ போட்டால் வாக்கியம் அழகாக முடிகிறது.

‘க்குள்’ வேறு, ‘வரை’ வேறு

‘பே பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். ‘வெள்ளிக்கிழமை வரை பணம் கட்ட வேண்டும்’ என்றால் தினமும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாகிவிடும். ஆனால் ‘வெள்ளிக்கிழமை வரை கட்டலாம்’ என்பது சரி. அங்கே தொடர்வது கட்டுவது இல்லை, அனுமதி. குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு ‘க்குள்’, நீண்டு தொடர்வதற்கு ‘வரை’.

இதையே திருப்பி ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘க்குள்’ மனதில் இருப்பதால் நம்மவர்கள் ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதுகிறார்கள். ‘வித்தின்’ கால அளவுக்குத்தான்: மூன்று நாளைக்குள். கிழமைக்கும் தேதிக்கும் ‘பை’. ‘பிஃபோர்’ போட்டால் வெள்ளிக்கிழமையே கைவிட்டுப் போய்விடும், வியாழனோடு கதை முடிந்தது. சட்ட ஆவணம் என்றால் ‘31-ஆம் தேதிக்குள்’ என்பதைக்கூட நான் அப்படியே விடுவதில்லை. அன்றைய தினம் சேர்த்தியா இல்லையா என்று சண்டை வரும். ‘31-ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ’ என்று எழுதிவிடுகிறேன்.

மணிக்கணக்கில்

‘பெய்ட் பை தி அவர்’ என்பது மணிக்கணக்கில் கூலி இல்லை. மணிக்கு இவ்வளவு என்று கூலி. மணிக்கணக்கில் காத்திருக்கத்தான் முடியும்.

ஒத்த சொற்கள்

நியர், பிசைட், த்ரூ, வயா, பெர் என்று ‘பை’க்கு மாற்றாக அகராதி தரும் சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடாதீர்கள். ‘பை தி ரிவர்’ என்றால் ஆற்றங்கரையில். ‘நியர் தி ரிவர்’ என்றால் அரை மைல் தள்ளிக்கூட இருக்கலாம்.

முப்பதுக்கு நாற்பது

மனை அளவில் ‘பை’ வந்தால் ‘க்கு’ போதும்: முப்பதுக்கு நாற்பது. கணக்கில் ‘த்ரீ பை ஃபோர்’ என்றால் முக்கால்.

பெங்களூரு ஹோட்டல்களில் ‘பை டூ காபி’ என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு கிளாஸில் பிரித்துத் தருவார்கள். சென்னையில் சூப்புக்கு ‘ஒன் பை டூ’ கேட்கிறோம். கதையில் வந்தால் அதை மொழிபெயர்க்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்.